துடக்குக் கழியாத பிள்ளை

சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்ததற்கு நன்றி. கவுன்சிலில் இருந்து வருகிறவர்கள் அநேகமாக நீலப் பிளாஸ்டிக் உறையை மேலே மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். நீங்கள் மரியாதை தெரிந்தவர். மொழிபெயர்க்க வந்திருக்கும் பிள்ளையும் எங்கள் கோயில் பக்கம் வருகிறவர் இல்லை என்று கேட்டு அறிந்துகொண்டேன். ஆகவே பேசலாம்.

லண்டனில், இந்தக் குட்மேய்ஸில் முப்பத்திரண்டு வருடமாக இருக்கிறேன். கோயில் பரிபாலன சபைக்குப் பதினொரு வருடம் தலைவர். நான் மண்டபத்துக்குள் வந்தால் கதிரையில் இருப்பவர்கள் எழும்புவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. என் மூத்த மகள் தக்ஷிகாவுக்கு நடந்ததை விளங்கிக்கொள்ள இது உங்களுக்குத் தேவைப்படும்.

பத்தொன்பது வயதில் அது தொடங்கியது. கை கழுவுவாள். கழுவிய கையால் குழாயை மூடினதால் குழாயைக் கழுவுவாள். குழாயைத் தொட்டதால் மறுபடி கையைக் கழுவுவாள். நாங்கள் அதை வருத்தம், ஒரு நோய் என்று நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுகி, ஈரத்தலையோடு, ஒருவரிலும் முட்டாமல் சுவாமியறைக்குள் போகிற பிள்ளையைப் பார்த்து யார் வருத்தம் என்பார்கள்? "அண்ணை, லண்டனிலை பிறந்தது இவ்வளவு ஆசாரமாய் இருக்குதெண்டால் அது உங்கடை வளர்ப்பு" என்று சபைக் கூட்டத்திலேயே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

இருபத்தைந்து வயதில் வேலையை விட்டாள். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் பாத்ரூமில் நின்றாள். தான் சரியாகக் கழுவாவிட்டால் அம்மா செத்துப்போவா என்பது அவளுடைய பயம். என் மனைவி வசந்தமலர் அவளுக்காகக் கதவுகளைத் திறந்துவிட்டாள், குழாயைத் திருகிவிட்டாள். "அம்மா, நான் அதிலை முட்டிப்போட்டனோ?" என்று அவள் கேட்கக் கேட்க, "இல்லையடி, முட்டேல்லை" என்றாள். ஒரு நாளைக்கு நாற்பது தரம். நானும் சொன்னேன். வீடு அமைதியாக ஓடியது. வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

பிறகு வசந்தமலர் எனக்குச் சொல்லாமல் அவளை டொக்டரிடம் கூட்டிப்போனாள். அங்கிருந்து சுப்ரியா என்ற தெரபிஸ்ற் வந்தார். இந்தியத் தமிழ்ப் பெண்.

"அங்கிள், இனிமே அவ கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லாதீங்க. நீங்க ஆறுதல் சொல்லச் சொல்ல நோய்தான் வளருது."

என் வீட்டில், என் பிள்ளையிடம், நான் எதைப் பேசலாம் என்று ஒரு சின்னப் பெண் சொல்லித் தந்தார். குப்பைத் தொட்டியின் மூடியைத் தொட்டுவிட்டு அரை மணித்தியாலம் கை கழுவாமல் இருக்கவும் அவளைப் பழக்கினார். அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்பதை அவள் தானே கண்டுகொள்ள வேண்டுமாம்.

கண்டுகொண்டாள். அதை நான் ஒளிக்கப்போவதில்லை. ஏழு மாதத்தில் எங்களோடு மேசையில் இருந்து கையால் புட்டுக் குழைத்துச் சாப்பிட்டாள்.

"அக்கா, பாத்ரூம் உன்னைக் காணேல்லையெண்டு அழுது" என்றாள் இளையவள் அஜந்தா.

"அழட்டும். அதுக்கும் ஒரு தெரபிஸ்ற்றைப் பிடிச்சுக் குடு."

வசந்தமலர் சிரித்துச் சிரித்து, பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

அந்தக் கிழமைதான் அஜந்தாவுக்கு வெம்பிளியில் சம்பந்தம் பேசினோம். மூத்தவள் இருக்க இளையவளுக்கு ஏன் என்று கேட்டார்கள். மூத்தவள் விரதம், கோயில் என்று ஆசாரமாக இருக்கிற பிள்ளை, கலியாணத்தில் நாட்டமில்லை என்றேன். அவர்களுக்கு அது பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்துத் தக்ஷிகா வந்து, கோயில் மண்டபத்தில் இளையோர் கூட்டத்தில் தன் நோயைப் பற்றி மைக்கில் பேசப்போவதாகச் சொன்னாள்.

"தங்கச்சியின்ரை கலியாணம் முடியட்டும், பிள்ளை."

"வருத்தமாய் இருக்கேக்கை ஒளிச்சனீங்கள், சரி. சுகம் வந்தாப் பிறகும் ஏனப்பா ஒளிக்கோணும்?"

"சனம் என்ன கதைக்கும்?"

"அந்தச் சனத்தின்ரை வீடுகளிலையும் என்னைப்போல ஆக்கள் இருக்கினம். அவைக்குத்தான் சொல்லப்போறன்."

வருத்தமாக இருந்த காலத்தில் அவள் என்னோடு ஒருநாளும் எதிர்த்துக் கதைத்ததில்லை.

மூன்று கிழமை கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வசந்தமலர் குசினியில் விழுந்து செத்தாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். இருதயக் குழாய் பல வருடமாக அடைபட்டு வந்திருக்கிறது, யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார். பிள்ளைகளுக்கும் விளக்கட்டுமா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். மாரடைப்பு என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை.

எங்களுக்கு ஒரு சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் வீட்டுக்குத் துடக்கு. கோயிலுக்குப் போக முடியாது, சுவாமி விளக்கு ஏற்ற முடியாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்து, ஐயர் தீர்த்தம் தெளித்தால் துடக்குக் கழியும். அந்த முப்பத்தொரு நாளும் தக்ஷிகா தாக்குப்பிடித்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. சுப்ரியா தினமும் போன் எடுத்தார். அடுத்த மாதக் கூட்டத்தில் அம்மாவின் பெயரால் பேசப்போவதாக அவரிடம் சொன்னதைக் கேட்டேன்.

அந்தியேட்டியன்று ஐயர் போன பிறகு அவள் என் முன்னால் வந்து நிலத்தில் இருந்தாள்.

"அப்பா, அம்மா விழுந்த அண்டைக்குக் காலமை நான் குப்பை மூடியைத் தொட்டிட்டுக் கை கழுவேல்லை. அதாலை இல்லைத்தானே? துடக்குக் கழிஞ்சுதுதானே?"

நான் ஏசவில்லை. கை நீட்டவில்லை. "எங்களுக்குக் கழிஞ்சுது, பிள்ளை. உனக்குக் கழிஞ்சுதோ எண்டு என்னாலை சொல்ல ஏலாது" என்றேன்.

 அவள் எழும்பிப் பாத்ரூமுக்குப் போனாள்.

இளையோர் கூட்டத்தில் அவள் பேசவில்லை. போனைத் தொடவும் பயந்தாள், ஆகவே நானே எடுத்தேன். யாழ்ப்பாணத்துக்கு மாமியிடம் போய்விட்டாள் என்று சுப்ரியாவிடம் சொன்னேன். அவளுக்கு வந்த ஆஸ்பத்திரிக் கடிதங்களைக் கிழித்தேன். அஜந்தாவிடம், தாயை இழந்த துக்கம், காலம் ஆற்றும் என்றேன். இடையிடையே தக்ஷிகா வெளியே வந்து அதே கேள்வியைக் கேட்டாள். ஒவ்வொரு தரமும் அதே பதிலைத்தான் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. கை கழுவ, பாத்ரூம் கழுவுகிற பிளீச் கேட்டாள். சனிக்கிழமைகளில் வாங்கிக் கொடுத்தேன். கேட்டதை வாங்கிக் கொடுக்காத தகப்பன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

வசந்தமலர் செத்து ஒரு வருடமாகி, ஆட்டைத் திவசம் முடிந்து அடுத்த மாதம் அஜந்தாவின் கலியாணம். மூத்தவள் தாய்க்காக விரதம் இருக்கிறாள் என்றேன். மாப்பிள்ளையின் தாய் கண் கலங்கினா. கலியாணம் நல்லபடி முடிந்தது.

இரண்டு கிழமையில் அஜந்தா வந்து பாத்ரூம் கதவை உடைத்தாள். அம்புலன்சையும் அவள்தான் கூப்பிட்டாள். தக்ஷிகாவின் கைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது, தாயின் சாவைப் பற்றி அன்று டொக்டர் சொன்னதை நான் ஆஸ்பத்திரிக்கு வந்து அவளுக்குச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். யார் சொல்லியும் நம்புகிறாள் இல்லையாம், என் வாயால் வந்தால்தான் நம்புவாளாம். "அப்பா, ஒரேயொரு வசனம்" என்று அஜந்தாவும் போனில் அழுகிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள். சுகமாகி வந்த என் பிள்ளையைத் தெரிந்துகொண்டே திரும்பவும் நோயாளி ஆக்கினது நான்தான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், வைக்கிறேன். ஆனால் அந்த வசனத்தை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். தாயைக் கொன்றது தான்தான் என்ற நினைப்பை இவ்வளவு காலமும் தாங்கியவள், இனியும் தாங்குவாள். தகப்பன் பொய் சொன்னான் என்பதை அந்தப் பிள்ளை தாங்கமாட்டாள்.