பின்சுவர்க் கதவு

அய்யா, போட்டோ திருத்துகிற சாப்ட்வேர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விலையை முதலில் கேட்கிறார்கள். அது சரியல்ல. எந்த வேலைக்கு வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். முகத்தைத் திருத்துவது வேறு, அறையைத் திருத்துவது வேறு. முகத்தில் ஒரு பருவை எடுத்துவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அறையில் தரை ஒரு பக்கம் சாய்ந்து போகும், சுவர் ஒரு பக்கம் சாய்ந்து வரும், வெளிச்சம் ஒரே திசையிலிருந்து விழும். புதிதாக ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தால் அது இந்த மூன்றுக்கும் கட்டுப்பட வேண்டும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் கம்ப்யூட்டரில் ஒரு கதவை வரைந்து எல்லோரையும் ஏமாற்றிவிட்டதாகவும், தனக்கு ஒன்றும் தெரியாது என்றும் ஒச்சப்பன் விசாரணை அதிகாரியான உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். என்னிடம் இருந்த சாப்ட்வேரில் கதவு வரைய முடியாது. அது ஒச்சப்பனுக்கும் தெரியும்.

என் பெயர் பெத்தணன். எம். புதுப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஊராருக்கு மனுவும் எழுதிக் கொடுப்பேன். ஒச்சப்பனும் நானும் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. அவன் ஒரு பட்டாசு ஆபீஸை, அதாவது பட்டாசுத் தொழிற்சாலையை, குத்தகைக்கு எடுத்தபோது பூஜையைப் படம் எடுத்தவன் நான்தான். 2006-இல் நான் பிலிம் கேமராவை விட்டு டிஜிட்டலுக்கு மாறினேன். அந்த வருஷம்தான் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு அறையின் உள்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி ஒச்சப்பனுக்கு எழுதினார்கள்.

மற்ற அறைகளில் தொந்தரவு இல்லை. சரவெடி கோர்க்கிற கடைசி அறையில்தான் சிக்கல். பட்டாசு ஆபீஸில் ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிராக இரண்டு கதவு இருக்க வேண்டும், ஒரு பக்கம் பற்றினால் மறுபக்கம் ஓடுவதற்காக. அந்த அறைக்கும் இருந்தது. ஒச்சப்பன் பின்கதவைக் கழற்றி, நிலைக்குள் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, அந்தச் சுவரோடு ஒட்டி அட்டைப்பெட்டி போட்டு வைக்க ஒரு ஷெட் இறக்கியிருந்தான். எப்போதும் பூட்டியிருக்கும் ஷெட்.

"ஏலே பெத்தணா, கம்ப்யூட்டர்ல ஒரு கதவு வைக்க முடியுமாலே?" என்று ஸ்டுடியோவுக்கு வந்து கேட்டான்.

"வைக்கலாம். எம்புட்டு நல்லா வைக்கணும்?"

"இன்சூரன்ஸ்காரன் என்ன, பொண்ணு பாக்கவா வாரான்? பாத்தா கதவுன்னு தெரியணும், அம்புட்டுதான்."

அடுத்த சீசனுக்குத் தன் பட்டாசுக் கம்பெனியின் விலைப்பட்டியல் அட்டையை நானே வடிவமைக்கலாம் என்றான். சிவகாசியில் அந்த வேலை கிடைக்க ஆட்கள் எவ்வளவு அலைகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவனாக வாய்விட்டுச் சொன்னது. நான் கேட்கவில்லை.

விருதுநகரில் அசன் முகம்மது என்பவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். நேர்மையான மனிதர், அவரை இதில் இழுக்க வேண்டாம். பெரிய ஸ்டுடியோக்களில் வைத்திருக்கிற சாப்ட்வேரின் விலையைச் சொன்னார். அதற்கு இன்னொரு கேமரா வாங்கலாம். திருட்டு சிடி கேட்டேன், விற்பதில்லை என்றார். இலவசமாகக் கிடைப்பது ஒன்று உண்டு, அதை ஏற்றியபோது என் கம்ப்யூட்டர் திணறி நின்றுவிட்டது. கடைசியாக ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார்.

"அண்ணாச்சி, கல்யாண ஸ்டுடியோவுக்கு இது போதும். பருவ எடுக்கும், கறைய எடுக்கும், இருட்ட வெளுப்பாக்கும். இல்லாததக் கொண்டாந்து வைக்கணும்னா இது தோதுப்படாது."

"அறைப் படந்தான் பாய்."

"வீடு விக்கவா? ஈரக்கறைய மறச்சு வித்துராதீக. மழை பெஞ்சதும் வாங்குனவன் நேரா உங்க கழுத்தத்தான் புடிப்பான்."

சிரித்துக்கொண்டே பில் போட்டார். நானும் சிரித்தேன்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. வேறொரு அறையின் கதவைப் படத்தில் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். சுவரில் காலண்டர் மாட்டியது போல இருந்தது. ஒரு வாரம் முயன்றேன். பிறகுதான் ஒன்று புரிந்தது. சாப்ட்வேரால் முடியாததைப் படம் எடுப்பதற்கு முன்பே பொருளில் செய்துவிட்டால், சாப்ட்வேருக்கு வேலை மிச்சம். கழற்றிய பழைய கதவு ஷெட்டில்தான் கிடந்தது. நிலையும் சுவரிலேயே இருந்தது. இந்த யோசனையைச் சொன்னவன் நான் என்பதை மறைக்கவில்லை. "மூளைக்காரன்லே நீ" என்று ஒச்சப்பன் என் முதுகில் தட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் ஆளில்லை. ஒச்சப்பன் கதவைத் தூக்கி நிலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். நான் ஆணி அடித்தேன். அவனுக்கு ஆணி அடிக்க வராது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான், கைவேலை வகுப்பில் அவனுடையதையும் நான்தான் செய்வேன்.

படம் நன்றாக வந்தது. ஒரு குறை மட்டும் இருந்தது. சாத்திய கதவுக்கு அடியில் வெளிச்சம் கசியும். இந்தக் கதவுக்குப் பின்னால் செங்கல் இருந்ததால் அடிப்பக்கம் இருண்டு கிடந்தது. அதை மட்டும் சாப்ட்வேரில் வெளுப்பாக்கினேன். நூல் போல ஒரு கோடு, ஓரங்களில் சற்று மங்கலாக. அந்தக் கோடு விழுந்ததும் கதவுக்கு வெளியே வேலியும் பாதையும் இருப்பது போலவே இருந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

படம் எடுத்து முடிந்ததும் கதவைக் கழற்றிவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். அவன்தான் இருக்கட்டும் என்றான். காரணம் பானுப்பிரியா.

பானுப்பிரியா எங்கள் தெரு. அவள் கல்யாண ஆல்பம் நான் போட்டது. இந்தக் கதவைப் படமெடுத்ததற்கு முந்தின வருஷம் அவளுடைய அக்கா வேறோர் ஆபீஸில், ஒற்றைக் கதவு அறையில் வெந்து செத்துப்போனாள். அதனால் பின்கதவைத் திறக்காவிட்டால் கடைசி அறைக்கு வரமாட்டோம் என்று பானுப்பிரியா மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு சொல்லிவிட்டாள். அந்த வாரமே வேறு ஆபீஸுக்குப் போவதாக இருந்தார்கள். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் நிற்கிறது. "கதவத் தொறந்தாச்சுன்னு நான் சொன்னா நம்பமாட்டாளுக. நீ சொல்லு, உன் சொல்லுக்கு மரியாதை இருக்கு" என்றான் ஒச்சப்பன்.

ரேஷன் கார்டுக்குப் படம் வாங்க அவளும் இருளம்மாளும் வந்த அன்று, அறைப் படத்தைப் பெரிய அளவில் பிரிண்டு போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். இருளம்மாள் அவளோடு அதே அறையில் வேலை பார்ப்பவள், வாய்க்காரி.

"அண்ணே, இது எங்க ரூமுல்ல? கதவத் தொறந்துட்டாகளா?" என்றாள் பானுப்பிரியா.

"தொறந்தாச்சும்மா."

"அடியே, உன் மூஞ்சியவே வெளுப்பாக்கிக் குடுத்த மனுசன்டி அவரு. அவரு காட்டுற கதவ நம்பப் போறியா?" என்றாள் இருளம்மாள்.

"போக்கா. அண்ணன் எங்கிட்டப் பொய் சொல்லமாட்டாக." படத்தின்மேல் விரலை வைத்தாள். "இங்கன பாரு, அடியில வெளிச்சம் தெரியுது. வெளிய அடைச்சிருந்தா வெளிச்சம் எப்படி வரும்?" பிறகு நிமிர்ந்து, "ஆனா அங்கன பாத்தா வெளிச்சத்தக் காணமேண்ணே?" என்று கேட்டாள்.

"ஷெட்டுத் தூசி வராம அந்தப் பக்கம் சாக்குத் திணிச்சிருக்காக. ஷெட்டுலயும் வழி விட்டாச்சு."

"தள்ளுனா தொறக்குமா?"

"சும்மாத் தொறந்து வெளையாடாதீக, மருந்துல காத்துப் படும். தேவைன்னா பலமாத் தள்ளுங்க."

அவர்கள் வேறு ஆபீஸுக்குப் போகவில்லை.

தீ பிடித்தது முன்கதவுப் பக்கம். ஆறு பேரில் வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த இருவர் வெளியே விழுந்து பிழைத்தார்கள். உள்ளே இருந்த நான்கு பேரும் பின்கதவுக்குப் போயிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் எங்கே விபத்து நடந்தாலும் படம் எடுக்க போலீஸார் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் கூப்பிட்டார்கள், போனேன். சூடு தணியாததால் மற்றவர்கள் வாசலிலேயே நின்றார்கள், நான் மட்டும் உள்ளே போனேன். நான்கு பேரும் கதவடியில் ஒருவர்மேல் ஒருவராக இருந்தார்கள். இருளம்மாளை வளையலை வைத்து அடையாளம் சொன்னேன். கதவு கரிந்திருந்தது, ஆனால் விழவில்லை. தோள் உயரத்தில் கரி தேய்ந்து போயிருந்தது. பலமாகத் தள்ளியிருக்கிறார்கள். அந்தத் தேய்ப்பில் ஆணித் தலைகள் பளிச்சென்று தெரிந்தன.

ஸ்டுடியோவுக்கு வந்து பிரிண்டு போடுவதற்கு முன் அந்த ஆணிகளை அழித்தேன். பருவை எடுக்கிற அதே கருவி. அசன் பாய் சொன்னது போல அந்த வேலைக்கு அது போதும். இதை ஒச்சப்பன் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லாமலே அவனுக்காகச் செய்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அன்று மாலையே, இடிந்து விழும் என்று சொல்லி அந்தச் சுவரையும் ஷெட்டையும் அவன் இடித்துத் தள்ளிவிட்டான். மிஞ்சியது என் படங்கள்தான். கதவு இருந்தும் பெண்கள் பதற்றத்தில் திறக்கத் தெரியாமல் இறந்தார்கள் என்று அறிக்கை வந்தது. ஒச்சப்பன் மேல் குற்றமில்லை என்று ஆயிற்று. அந்த வாரம் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். அந்த அழுகையை நான் நம்பினேன்.

பிறகு பானுப்பிரியாவின் புருஷன், ஊர்க்காவலன் என்று பெயர், மறுபடி விசாரிக்கச் சொல்லி என்னிடம் மனு எழுத வந்தான். "திறக்கத் தெரியாதுன்னு எழுதிட்டாக அண்ணாச்சி. அவளுக்குத் தெரியும். தள்ளுனா தொறக்கும்னு நீங்க சொன்னதா அன்னைக்கே வீட்டுல வந்து சந்தோசமாச் சொன்னா" என்றான். மனுவை நல்லபடியாகத்தான் எழுதிக் கொடுத்தேன், அந்த ஒரு வரியைத் தவிர. அதை அவன் உங்களிடம் வாயால் சொல்லியிருக்கிறான். நான் சொன்னதை அவள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நம்பிச் சொல்வதை நமக்குள் வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். அதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் செத்தவளைக் குறை சொல்லக்கூடாது.

ஒச்சப்பனை அப்படி விட முடியாது. நீங்கள் மறுபடி விசாரிக்கிறீர்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாக வந்து என் பெயரைச் சொல்லியிருக்கிறான். படத்தைப் பார்த்துத் தானே ஏமாந்துவிட்டானாம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். விலைப்பட்டியல் அட்டை வேலையையும் போன மாதமே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டான், அதை எனக்கு அச்சகத்துப் பையன்தான் சொன்னான். துரோகம் என்ற சொல்லை நான் இதுவரை எவருடைய மனுவிலும் எழுதியதில்லை. வழக்கு கெட்டுப்போகும் என்று தவிர்த்துவிடுவேன். இதில் எழுதுகிறேன்.

ஆணிகள் தெரிகிற அசல் படங்கள் சிடியில் பத்திரமாக இருக்கின்றன, இத்துடன் வைத்திருக்கிறேன். அழித்ததைப் பொய் என்று நீங்கள் சொல்வீர்கள் என்றால், ஊரில் பாதிக் கல்யாண ஆல்பம் பொய்தான். மற்றபடி அந்தக் கதவு உண்மையான கதவு. நிலை உண்மையான நிலை. அங்கே இல்லாத ஒன்றை நான் சேர்த்தேன் என்று ஒச்சப்பன் எழுதிக் கொடுத்திருப்பதில் உண்மை மிகவும் கொஞ்சம். நான் சேர்த்தது அடியில் அந்த வெளிச்சம் மட்டும்தான்.