சிவப்பெடுக்கும் சொட்டு

– ஹேண்ட்பிரேக் போட்டியா இல்லையா, அதை மட்டும் சொல்லு.

– போட்ட மாதிரிதான் இருந்துச்சு அண்ணே.

– அப்ப என் ரூம் கதவுல வந்து முட்டிக்கிட்டு நிக்கறது யாரு, உன் மாமனாரா?

– வண்டிதான். என் மேல அவ்வளவு பாசம் அதுக்கு. கையெழுத்துப் போடலாம்னு உள்ள வந்தேன், பின்னாலயே உருண்டு வந்துடுச்சு.

– இளிக்காதே பைலட்டு. டைம் கீப்பரை அவன் ரூம்லயே பஸ்ஸை வச்சு அடைச்சவன் நீ ஒருத்தன்தான். கதவு வெளிப்பக்கம் திறக்கறது, ஜன்னல்ல கம்பி. எலி கூட போக முடியாது.

– மெக்கானிக்கைக் கூப்பிட்டீங்களா?

– டீ குடிச்சுட்டு வர்றானாம். ஏன்டா, பின்னால ஒரு ஆள் நின்னிருந்தா?

– அதை நினைச்சுத்தான் அண்ணே இளிச்சுக்கிட்டிருக்கேன். இல்லேன்னா நான் பயந்து போனது தெரிஞ்சுடும்.

– ஒழுங்கா ஓட்டறவன் நீ. எப்படி மறந்தே?

– நிறுத்தினதும் கண்ணுக்கு மருந்து விட்டேன். ஒரு கையில பாட்டில், இன்னொரு கையில இமை. பிரேக்குக்குன்னு மூணாவது கை குடுத்து அனுப்பலையே.

– வீட்லயே விட்டுட்டு வந்தா என்ன?

– விட்டேன். டிப்போ வாசல்லயும் விட்டேன். உங்க முன்னாடி வந்து நிக்கறதுக்கு முந்தி இன்னொரு தடவை. அப்பதான் கண்ணு பளிச்சுன்னு இருக்கும்.

– ஏன், நான் என்ன உன்னை மாப்பிள்ளை பாக்கவா உக்காந்திருக்கேன்?

– தினமும் கையெழுத்து வாங்கறப்ப என் கண்ணுக்குள்ளயே பாக்கறீங்க. டார்ச் ஒண்ணுதான் குறைச்சல். சிவந்திருந்தா குடிச்சிருக்கான்னு வண்டியை விட்டு இறக்கிட மாட்டீங்களா?

– பாட்டிலைக் காட்டு. இது டாக்டர் குடுத்ததா?

– மருந்துக்கடையில நானே வாங்கினது. சிவப்பெடுக்கற சொட்டு. டாக்டர் இதைப் பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாரு. எனக்குக் கண்ணு காயற வியாதியாம். ஈரமே ஊறலையாம். அதுக்குக் கண்ணீர் மாதிரி ஒரு சொட்டு, ராத்திரிக்குக் களிம்பு, எல்லாம் எழுதிக் குடுத்தாரு.

– அதைப் போட வேண்டியதுதானே?

– போடறேன். கூடவே இதையும் போடறேன். இது ரத்தக் குழாயை நெரிச்சு வெள்ளையாக்குதாம். பிடி தளர்ந்ததும் முன்னைவிட மோசமா சிவக்குதாம். சிவந்தா விடறேன், விட்டா சிவக்குது.

– நிறுத்தித் தொலையேன்டா.

– நிறுத்தினா வாரக்கணக்கா தக்காளி மாதிரிதான் திரியணும்னாரு. விட்டா கண்ணு போகும், விடலேன்னா வேலை போகும். இந்த ரூம் எவ்வளவோ தேவலை அண்ணே. இங்க மெக்கானிக்காவது வருவான்.

– வேலை போகும்னு யார் சொன்னா உனக்கு?

– யார் சொல்லணும்? வேலையும் போயிட்டா அந்த வீட்ல உக்காந்து சுவத்தோடயா பேசறது? பொண்டாட்டி இருந்தாலாவது திட்டு வாங்கியே பொழுதை ஓட்டலாம்.

– மெக்கானிக் வர்ற சத்தம் கேக்குது பாரு.

– அது பூனை அண்ணே. நழுவப் பாக்காதீங்க, நழுவறதுக்கு இங்க வழியுமில்ல. என்னைக் குடிகாரன்னுதானே நினைக்கறீங்க? நேரா சொல்லிடுங்க.

– இல்ல.

– பின்ன எதுக்கு அப்படிப் பாக்கறீங்க?

– உன் வீட்டுக்காரி கண்ணை மூடினதுல இருந்து சிவந்த கண்ணோடதான் வந்தே. ராத்திரியெல்லாம் அழறான் போல, அழுது தீக்கட்டும்னு விட்டுட்டோம். திடீர்னு ஒரு நாள் கண்ணு பளிச்சுன்னு வந்து நின்னே. அழறதையே நிறுத்திட்டானே, மனசுக்குள்ள என்ன முடிவு பண்ணி வச்சிருக்கானோன்னு பயந்துக்கிட்டுதான்டா அன்னையிலிருந்து பாக்கறேன்.