அகழிக்குள் கல்தடம்

எங்கள் கல்லங்கோட்டையைப் பற்றி எழுத வருகிறவர்கள் யாராக இருந்தாலும், அகழியில் முதலை விட்டிருந்தார்கள் என்று ஒரு வரி எழுதாமல் போவதில்லை. முதலையெல்லாம் கிடையாது, மேடம். அதற்கு யார் தீனி போடுவது? கோட்டையைக் கட்டிய பாளையக்காரரிடம் முதலையைவிட நல்ல யோசனை ஒன்று இருந்தது.

அதைச் சொன்னால்தான் மற்றது உங்களுக்குப் புரியும். பொறுமையாகக் கேளுங்கள். சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் எல்லையிலிருந்து தொடங்கித்தான் பழக்கம்.

கோட்டைச் சுவரின் அடிப்பாகம் கருங்கல். சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்தியது. மேலே செங்கலும் சுண்ணாம்பும். முன்வாசல் நேராக உள்ளே போகாது, ஒடிந்து திரும்பும். யானை ஓடி வந்து கதவை முட்டக் கூடாதே, அதற்காக. இன்று அந்த வாசலில் பாதியைக் காணோம். எங்கள் ஊர் மாட்டுக்கொட்டகைகளில் போய்ப் பாருங்கள், கிடைக்கும். சுற்றிலும் அகழி, இரண்டு ஆள் ஆழம். முன்பக்கம் இடிபாடு விழுந்து மேடாகிவிட்டதால் எல்லாரும் அந்த வழியாகத்தான் உள்ளே கோட்டையம்மனைக் கும்பிடப் போகிறோம். பின்பக்கம் திட்டிவாசல் என்று ஒரு சின்ன வாசல் உண்டு. அங்கே பாசி மூடிய தண்ணீர்தான் தெரியும். தண்ணீருக்கு அடியில், முழங்கால் ஆழத்தில், ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குக் கல்தடம் போகிறது.

அந்தத் தடம் பாதி அகழிவரை நேராகப் போய், வலப்பக்கம் திரும்பும். தெரியாதவன் நேராகவே போவான். யோசனை அவ்வளவுதான். இதைவிட மலிவாக ஒரு காவல் உண்டா?

திருப்பம் எங்கே என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். தை மாதம் அம்மனுக்கு நடக்கும் பூச்சாட்டுத் திருவிழாவில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் தீர்த்தக் குடத்தைத் தலையில் வைத்து அந்தத் தடத்தில் நடந்து போய், திட்டிவாசலில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். மற்ற நாளில் அந்தத் தண்ணீரில் கால் வைப்பது குற்றம். ஒத்திகை கிடையாது. குடம் இறங்கியதும் ஊர் மொத்தமும் அகழிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கும். செல்போனைக்கூடப் பைக்குள் போட்டுவிடுவார்கள். மணி அடித்த பிறகுதான் திரும்பலாம். எங்கள் வீட்டுப் பெரியவர் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கல்யாணமான வருஷத்திலிருந்து நான்தான் குடம் எடுத்தேன். ஊருக்கு அதன் அருமை எங்கே தெரிந்தது? போன தையில் முழங்கால் சற்றே தள்ளாடியது. அது ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. முதுகைக் காட்டி நிற்கிறவர்களுக்குத்தான் எல்லாம் தெரிகிறது. தர்மகர்த்தா ராசு வீடு தேடி வந்தார்.

"ஏனுங்க சர்வேயரே, கொடம் சாஞ்சிருந்தா ஊருக்கே ஆகாதுங்க. உங்க தம்பி புள்ளைகிட்டக் குடுத்துருங்க. நீங்க கரையில நின்னு பாத்துக்கங்க."

தம்பி மாதேஸ்வரன் இறந்து நாலைந்து வருஷமாகிறது. அவன் மகள் இனியா. சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில் வளர்ந்த பெண். கட்டடக்கலை படித்தவள், கெட்டிக்காரி. நீச்சல் தெரியாது. ஒரு பெண் குடம் எடுக்கிறாளே என்று எனக்கு வருத்தம் இல்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவளிடம்தான் அது போக வேண்டும். சொல்லிக்கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன்.

பூச்சாட்டுக்கு முந்தின வாரம் அவளும் அவள் அம்மா தெய்வநாயகியும் வந்தார்கள். கரையில் நின்று அவளுக்குக் கோட்டையைக் காட்டினேன். சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தாள்.

"பெரியப்பா, அடுத்த வருசம் தடத்துக்கு ரெண்டு பக்கமும் கம்பி நட்டுக் கயிறு கட்டிரலாங்க. வேண்டுதல் இருக்கறவங்க எல்லாரும் கொடம் எடுத்துட்டு வரட்டுமே. ராசு தாத்தாகிட்டக்கூடச் சொல்லிட்டேன். நல்லதுதான் சாமின்னாருங்க."

நல்லதாம். வாசற்கல்லைக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டி கட்டிய மனிதருக்கு அது நல்லதாகத்தான் படும். சுவர் போயிற்று, வாசல் போயிற்று. அந்தக் கோட்டையில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது அந்த ஒரு திருப்பம்தான். அதற்கும் கயிறு கட்டி, ஊரையே நடக்கவிட்டுவிட்டால், பிறகு நான் யார்? பென்ஷன் வாங்கும் கிழவன். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கவில்லை.

அவள் கொத்தளத்தைக் காட்டிக் கேட்டாள். "அரசமரம் கோயில் கலசத்தை மறைக்கிற எடத்துல வலது பக்கம் திரும்போணும்னு அப்பா ஒருக்கா சொன்னாருங்க. அந்த மரந்தானுங்களே பெரியப்பா?"

மாதேஸ்வரன் சரியாகத்தான் சொல்லியிருந்தான். ஆனால் அவன் சொன்ன மரம் இப்போது இல்லை. வேர் சுவரைப் பிளக்கிறது என்று போன வைகாசியில் நான்தான் வெட்ட வைத்தேன். அப்போது என் மனத்தில் ஒன்றும் இல்லை, சுவரைத்தான் நினைத்தேன். அவள் காட்டியது அடுத்த கொத்தளத்தில் முளைத்த மரம். அது கலசத்தை மறைக்க வேண்டுமானால், கல்தடத்தைத் தாண்டி இன்னும் பல அடி போக வேண்டும். ஒரு பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது. நேர்கோடு பார்ப்பதுதானே என் தொழில்.

"ஆமா சாமி. அதேதான்" என்றேன்.

பூச்சாட்டு அன்று காலை வெயில் நன்றாக இருந்தது. குடம் தண்ணீரில் இறங்கியது. ஊர் திரும்பி நின்றது. இனியா மரத்தைப் பார்த்தபடி அழகாக நடந்தாள். ஒரு துளி சிந்தவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். திருப்பம் வந்தது. நான் வாயைத் திறந்திருக்கலாம். அவள் அதைக் கடந்து போனாள்.

சத்தம் பெரிதாக இல்லை. குடம் விழுந்த சத்தம்தான் முதலில். பிறகு "பெரியப்பா" என்று ஒருமுறை கூப்பிட்டாள். அப்பா என்றோ அம்மா என்றோ கூப்பிடவில்லை.

என் பக்கத்தில் தெய்வநாயகி முதுகைக் காட்டி நின்றிருந்தாள். "மாமா, என்னமோ சத்தம் கேட்டுதுங்களே. புள்ள கூப்பிட்டாளுங்களா?"

"இன்னும் மணி அடிக்கல. திரும்பாத" என்றேன்.

அவள் திரும்பவில்லை. யாருமே திரும்பவில்லை. என் சொல்லுக்கு இந்த ஊரில் அத்தனை மதிப்பு இருந்ததை அன்றுதான் பார்த்தேன். பாசி மறுபடி கூடி மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன்.

விபத்து என்று ஸ்டேஷனில் நீங்களும் கேஸை முடித்துவிட்டீர்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. பிறகு எதற்கு வந்தேன் என்று பார்க்கிறீர்கள். ஊரில் எல்லாரும், தடத்தில் கல் சரிந்துவிட்டது, கட்டியவன் சரியாகக் கட்டவில்லை என்று பேசுகிறார்கள். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு கல்கூட நகரவில்லை, மேடம். அதை எழுதிக்கொள்ளுங்கள். கோட்டை மேல் பழி வரக் கூடாது.

இன்னொன்றும் மனத்தை அரிக்கிறது. உடலைத் தேடுகிறோம் என்று மதகை உடைத்து அகழித் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டார்கள். தடம் வெயிலில் வெட்டவெளியாகக் கிடக்கிறது. ஊரே வந்து திருப்பத்தைப் பார்த்துவிட்டுப் போகிறது. ராசு அதில் செருப்போடு நடக்கிறார். இத்தனைக்கும் அவசியமே இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவள் கிடந்த இடத்தைக் கரையிலிருந்தே கை நீட்டிக் காட்டியிருப்பேன்.