ஏழு மணி நேரம் காத்திருந்த நிலையம்

ரேணிகுண்டா தன்னார்வ ஹாம் வானொலி வட்டத்தின் நெட் பொறுப்பிலிருந்து ஓய்வு பெறும் திரு. கோவர்த்தனன் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் வாசித்தளிக்கும் மடல்

அலைவரிசையின் அச்சாணியே! சம்பளமும் இல்லாமல், சாப்பாட்டு நேரமும் இல்லாமல், சலித்தும் சளைக்காத செம்மலே!

புயல் வந்தபோது போனும் போய், கரண்டும் போய், ஊரே வாய் அடைத்து நின்ற வேளைகளில் எல்லாம், ஒற்றை பேட்டரியும் ஒற்றைச் செவியுமாக ஒரு மாவட்டத்தின் அழுகையைக் கேட்டு, படகுக்கும் ஆம்புலன்சுக்கும் வழி சொல்லி, இருபத்தாறு ஆண்டுகள் இருந்த இடத்தைவிட்டு நகராத பெருந்தகையே!

இவற்றுக்கு அடுத்ததாக இன்னொரு விளியும் இருந்தது. அது இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்லப் போகிறோம். உங்களைப் பற்றி உங்களிடமே சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். ஆகவே ‘அவர்’ என்று அவையோரிடம் சொல்கிறோம். நீங்கள் மாலையைக் கழற்றாமல் சும்மா உட்கார்ந்திருங்கள்.

ரயில்வே வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. சம்பளமே இல்லாத இந்த வேலையிலிருந்து எதற்கு ஓய்வு என்று கேட்பவர்களுக்குப் பதில், மந்தமாகிவிட்ட அவருடைய வலது காது. போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகைப் பதிவில், பதில் சொன்ன ஒரு நிலையத்தை ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டார். அன்றைக்கே “போதும்பா” என்றார். நாங்கள் கெஞ்சிப் பார்த்தோம். அவர் மசியவில்லை.

அவையில் ஹாம் அறியாதவர்கள் இருப்பதால் ஒரு விளக்கம். நெட் என்றால் எல்லா நிலையங்களும், அதாவது வானொலி செட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், ஒரே அலைவரிசையில் கூடுவது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். யார் பேசுவது, யார் பொறுப்பது என்று சொல்பவர் நெட் பொறுப்பாளர். அவர் ‘காத்திருங்கள்’ என்றால், உயிர் போகிற அவசரம் தவிர வேறெதற்கும் வாய் திறக்கக் கூடாது. அவர் திரும்பக் கூப்பிட வேண்டும். கிளம்புவதானாலும் அவரிடம் விடை கேட்டுத்தான் கிளம்ப வேண்டும். இந்த இரண்டையும் எங்கள் மண்டையில் ஆணி அடித்து இறக்கியவர் இவர்தான்.

எங்கள் வட்டத்து மாசிலாமணி எழுதிய முதல் மடலில் அந்த விளி இப்படி இருந்தது: ‘கூப்பிட்ட குரல் எதையும் காத்திருக்க விடாத கோவர்த்தனரே!’ மோனை நன்றாக விழுந்துவிட்ட சந்தோஷத்தில் ஃபிரேம் போடவே கொடுத்துவிட்டோம். போன வாரம் அவர் ஃபிரேம் கடைக்கே போய் மடலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, மாசிலாமணி வீட்டுக்கு வந்து நின்றார்.

“இந்த வரிய எடுத்துடு மாசிலாமணி. நான் ரேகாவ ஏழு மணி நேரம் ஒக்கார வெச்சவன்.”

நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய கார்த்திகை மழையில், புத்தூர்ப் பக்கம் ஒரு ஏரி உடைந்தது. அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியையும் எங்கள் வட்டத்து உறுப்பினருமான ரேகா, பத்தொன்பது பேரோடு பள்ளி மொட்டைமாடியில் மாட்டிக்கொண்டார். சத்துணவு சமைக்கும் செங்கம்மா படியில் வழுக்கிக் கால் எலும்பு முறிந்து கிடந்தார். காலை ஒன்பதரைக்கு ரேகா கூப்பிட்டபோது, வேறு இடத்துப் படகுக்கு இவர் வழி சொல்லிக்கொண்டிருந்தார். “காத்திருங்கம்மா” என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் ரேகாவின் நிலையத்தைக் குறித்துவைத்தார். அடுத்தடுத்து நாற்பது அழைப்புகள் வந்தன. சீட்டு பதிவேட்டுக்கு அடியில் போய்விட்டது. மாலை நாலரைக்கு பேட்டரி மாற்றுவதற்காகப் பதிவேட்டை நகர்த்தியபோதுதான் அது கண்ணில் பட்டது. உடனே ரேகாவைக் கூப்பிட்டார். முதல் அழைப்பிலேயே பதில் வந்தது.

“காத்துக்கினு இருக்கேன் சார்.”

ஒரு மணி நேரத்தில் படகு போனது. எல்லாரும் பிழைத்தார்கள். ஆனால் செங்கம்மாவின் கால் சரியாகச் சேரவில்லை. இன்றும் இழுத்துத்தான் நடக்கிறார். அன்று நெட்டில் இருந்த நாங்களும் கவனிக்காமல் விட்டோம். அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

விஷயம் தெரிந்து நாங்கள் ரேகாவைக் கேட்டபோது அவர் கோபப்படவே இல்லை. “கால்தானே, உயிருக்கு ஒண்ணும் இல்லியேன்னு நானும் சும்மா இருந்துட்டேன். நாளெல்லாம் சாரோட கொரல் கேட்டுக்கினே இருந்தது. அந்த மனுஷன் ஒரு வாய் தண்ணி கூட குடிக்கல” என்றார். இருவரும் நான்கு ஆண்டுகள் ஒரே வலியை ஆளுக்குப் பாதியாகச் சுமந்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் “வணக்கம்” சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

நேற்று அவருடைய கடைசி நெட். வருகைப் பதிவை முடித்து, பொறுப்பை ரேகாவிடம் ஒப்படைத்தார். இனி ரேகாதான் எங்கள் நெட் பொறுப்பாளர். பிறகு அவர் இருபத்தாறு ஆண்டுகளில் முதல் முறையாக, சாதாரண நிலையமாக, விடை கேட்டார்.

“நான் கெளம்பலாமாம்மா?”

“காத்திருங்க சார்” என்றார் ரேகா.

அலைவரிசையில் சத்தமே இல்லை. முப்பத்தொரு நிலையங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். ரேணிகுண்டாவில் தன் வீட்டு மாடியில், செட்டை இடது காதோடு அழுத்திக்கொண்டு அவர் நின்றார். இது தனக்குக் கிடைக்க வேண்டியதுதான் என்று நினைத்ததாகப் பிறகு எங்களிடம் சொன்னார். ஒரு நிமிடம் போனது. இரண்டு, மூன்று நிமிடங்கள் போயின. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. காத்திருக்கச் சொன்னால் காத்திருக்க வேண்டும் அல்லவா?

நான்காவது நிமிடம் ரேகா சொன்னார்: “மன்னிச்சுக்குங்க சார். நம்ம ஆண்டெனா இன்னும் அதே ஸ்கூல் மாடியிலதான் இருக்குது. செங்கம்மா உங்ககிட்ட பேசணும்னு படியேறி வந்துக்கினு இருந்தாங்க. அவங்க கால் வேகம் அவ்ளோதான்.”

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு செங்கம்மாவின் குரல்.

“நாங்க எல்லாரும் எப்பவோ எறங்கிட்டோம்ணா. நீங்கதான் இன்னும் மேலயே நிக்கிறீங்க. எறங்கி வூட்டுக்குள்ள போங்க.”

அவர் “சரிம்மா” என்றார். செட்டை அணைத்த சத்தம் எங்களுக்குக் கேட்டது.

கோவர்த்தனரே! அந்த விளியை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் வேறெதையும் எழுதவில்லை, மாசிலாமணிக்கும் களைப்பு. நாங்கள் எல்லாருமே களைத்தவர்கள்தாம், அடுத்த மழைக்கு மறுபடி உட்காரப் போகிறவர்கள்தாம். நீங்கள் வேளைக்கு உண்டு, நோயின்றி நெடுநாள் வாழ்ந்து, மழை பெய்யும் இரவுகளில் இடது காதையும் தலையணையில் புதைத்து நன்றாகத் தூங்குங்கள். உங்கள் பதிலுக்காக இப்போது யாரும் காத்திருக்கவில்லை.

விடை தந்து வணங்கும்,
நெட்டில் இருக்கும் முப்பத்தொரு நிலையத்தார்,
ரேணிகுண்டா