முனைவர் சந்தேகம் திரும்பப் பெற்ற கட்டுரை

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், மறைந்த நம் ஆய்வாளரின் கணவரே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் ஆய்வு மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். நுண்ணோக்கி அறைக்குப் பொறுப்பாளராக இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே குப்பை கொட்டுகிறவள் நான். மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொன்னார்கள். முடியாது, மன்னிக்க வேண்டும்.

சற்று முன் இயக்குநர் அவர்கள், மறைந்தவரை இந்த நிறுவனத்தின் தூண் என்றார். தூணா? எட்டு ஆண்டுகள் அவர் இங்கே முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிக வேலை. எந்தக் கட்டடத்தில் ஐயா தூணை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள்!

நாம் அவரை என்னவென்று அழைத்தோம்? முனைவர் சந்தேகம்! கருத்தரங்கில் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழும். "ஒரு சின்ன சந்தேகம்..." அவ்வளவுதான், பேச வந்தவர் முகம் தொங்கிவிடும். எனக்கும் எரிச்சல்தான். இந்த அம்மாவுக்கு ஒருநாளாவது எதையாவது அப்படியே நம்பத் தோன்றாதா என்று எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறேன்!

செடிகளைப் பற்றி அறியாதவர்களுக்காக அவருடைய ஆய்வைச் சொல்கிறேன். இலைக்குள் நுழையும் வைரஸ் முதலில் ஒரு செல்லில்தான் இருக்கும். அந்தச் செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவிலுள்ள சுவரில் மிக நுண்ணிய வழிகள் உண்டு. வைரஸ் அந்த வழியை அகலமாக்கிக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போகப் பார்க்கும். செடி அதை அடைக்கப் பார்க்கும். இந்த மல்லுக்கட்டில் ஜெயிப்பது யார், எதைக்கொண்டு ஜெயிக்கிறார்கள்? தக்காளிச் செடிகளை வைத்து அவர் கேட்ட கேள்வி இதுதான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் விடை கிடைத்துவிட்டது என்றே நினைத்தோம். வைரஸின் புரதம் ஒன்றுக்குப் பச்சையாக ஒளிரும் அடையாளம் சேர்த்திருந்தார். சுவரின் வழிகளில் பச்சைப் புள்ளிகள் மின்னின. கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. பத்தே நாளில் நிரந்தரப் பணிக்கான நேர்காணல். கட்டுரை கையில் இருக்கிறது, வேலை உறுதி. வேறென்ன வேண்டும் ஒரு மனிதருக்கு?

சும்மா இருந்தாரா? வைரஸே ஏறாத, அடையாளமே சேர்க்காத வெறும் இலை ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தார். அதிலும் அதே இடத்தில் அதே பச்சைப் புள்ளிகள்! செல் சுவரின் இயல்பான ஒளிதான் அது. நாங்கள் கண்டது வைரஸே இல்லை.

படத்தோடு என்னிடம் வந்தார். நான் சொன்னேன், "இத இப்ப யாருகிட்டயும் சொல்லாத. இன்டர்வியூ முடியட்டும்."

"அக்கா, நீங்க படத்த பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். பத்து நாள்ல உலகம் ஒண்ணும் முழுகிடாது."

"பாத்தப்புறம் எப்படிக்கா வாய மூடிட்டு இருக்கிறது?"

அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதிவிட்டார். அதோடு விட்டாரா? நேர்காணலிலும் போய்ச் சொன்னார். தலையில் அடித்துக்கொண்டு கேட்டேன், "அவங்க கேட்டாங்களா?"

"கேக்கல. அதான் நானே சொன்னேன்."

என்ன செய்வது இப்படி ஒரு ஆளை! அந்த நிரந்தர வேலை கைநழுவிப் போனது. எட்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. நன்மைக்குச் சொன்னதைக் கேட்காத பிடிவாதக்காரி என்று எல்லோரிடமும் சொன்னேன். இந்த மேடையில் இருப்பவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். அந்த முதல் படங்களை எடுத்தது யார்? நான். எந்த நிற ஒளி தெரிய வேண்டும் என்று ஒளிவடிகட்டியைத் தேர்ந்தெடுத்தது யார்? நான். வெறும் இலையை முதலிலேயே வைத்துப் பார்த்திருக்க வேண்டியது யாருடைய வேலை? என்னுடைய வேலை! அவர் ஆய்விதழுக்கு எழுதிய கடிதத்தில், "பிழை என்னுடையது" என்று இரண்டே சொற்கள். என் பெயர் அதில் இல்லை. எட்டு மாதம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது கோபத்தாலா, வெட்கத்தாலா? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவர் முதலிலிருந்து தொடங்கினார். நான்கு ஆண்டு உழைப்பில் உண்மையைக் கண்டார். நோயைத் தாங்கும் ஒரு தக்காளி ரகம், வைரஸ் நுழைந்த சில மணி நேரத்திலேயே அந்த வழிகளைப் பசைபோன்ற ஒரு பொருளால் அடைத்துவிடுகிறது. வைரஸ் புகுந்த இடத்திலேயே சிறைப்படுகிறது! வேறொரு ஆய்வகமும் இதைச் செய்து பார்த்து, சரிதான் என்று போன மாதம் எழுதியது. நான் துள்ளிக் குதித்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நாம ரெண்டு தடவைதானே செஞ்சிருக்கோம்? மூணாவதும் பாத்துடலாங்க்கா."

அந்த மூன்றாவது முறைதான் அவரைக் கொண்டுபோனது. மாரில் இறுக்கம் என்றதும், செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வரச்சொன்னார் மருத்துவர். அவருடைய கணவர் மருத்துவமனை வாசலில் நின்று என்னிடம் சொன்னது இது: "செடிக்கு வைரஸ் ஏத்தி செவ்வாக்கிழமயோட ஒம்பதாவது நாளாம், எலை பறிக்கணுமாம். வியாழக்கிழம போலாம்னா. நானும் சரின்னுட்டேன்." ஐயா, உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். அவர் முடிவெடுத்துவிட்டால் யார் சொல்லி மாற்றியிருக்க முடியும்? செவ்வாயன்று இலை பறித்தார். புதன்கிழமை மாடிப்படியில் சரிந்தார். நாற்பத்தொரு வயது! எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாயே அம்மா, உன் நெஞ்சுவலியை மட்டும் ஏன் ஒன்றுமில்லை என்று நம்பினாய்?

அவர் பறித்த இலைகள் மருந்தில் ஊறியபடி என் அறைக் குளிர்ப்பெட்டியில் இருக்கின்றன. இன்னும் யாரும் பார்க்கவில்லை. அவருடைய மேசையைக் காலிசெய்யச் சொல்லி அலுவலகம் அனுப்பிய தாளை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். வேலை முடியும்வரை அது அவர் மேசை. கட்டுரை வெளிவரும்போது முதல் பெயர் அவருடையது. பழைய பிழை யாருடையது என்று ஆய்விதழுக்கு இன்று காலை கடிதம் அனுப்பிவிட்டேன். நகல் இயக்குநர் அவர்களின் மேசையில் இருக்கிறது.

நாளைக் காலை எட்டு மணிக்கு அந்த இலைகளைப் பார்க்கப் போகிறேன். கண்டது சரி என்றால் எழுதுவேன். தவறு என்றால், சாயங்காலத்துக்குள் அதையும் எழுதுவேன், என் பெயரில், என் கையெழுத்தில். கூட இருந்து பார்க்க விரும்புகிறவர்கள் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.