மூன்றாவது இசைத்தட்டு

மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து நகருக்குச் செல்லும் பேருந்தில் என் முன்னிருக்கையில் யாழ்ப்பாணத்தவர் இருவர் அமர்ந்திருந்தனர். இருவரும் மிருதங்கம் வாசிப்பவர்கள் என்பது அவர்தம் பேச்சால் விளங்கிற்று.

“அந்தச் சிலி நாட்டுக்காரி எனக்காகத் தன்ர பாட்டெல்லாத்தையும் ஒரே சுருதிக்கு மாத்திப்போட்டா, அண்ணை,” என்றார் இளையவர்.

“ஆர், மங்கரேயில உம்மோட வேலை செய்யிற பாட்டுக்காரியோ?”

“ஓம். முதல் இசைத்தட்டில தங்கட ஊர்ப் பாட்டைப் பழையபடியே பாடினா, வெளியாக்கள் வாங்கேல்லை. ரெண்டாவதில தானே பாட்டுக் கட்டி எலக்ட்ரிக் கிற்றார் சேர்த்தா. சொந்தச் சனமே ஏசினது. இப்ப மூண்டாவதில ரெண்டையும் கலந்து என்ர மிருதங்கத்தையும் சேர்க்கிறா. இதுவும் எடுபடாட்டிப் பாட்டையே விடப்போறாவாம்.”

“பிறகென்ன, சுருதியும் மாத்தித் தந்திட்டா. வாசியுமன்.”

“ஒரே சுருதியில பத்துப் பாட்டும் நித்திரை வரப்பண்ணுது, அண்ணை. என்னட்ட இருக்கிறது ஒரு மிருதங்கம்தானே, அது ஒரு சுருதிக்குத்தான் சேரும். உங்கட தாழ்ந்த சுருதி மிருதங்கத்தை ஒருநாளைக்குத் தாங்கோ.”

“கோயிலில வாசிக்கிறதைக் கிற்றாருக்குப் பக்கத்தில வைக்கிறதோ? தரமாட்டன்.”

இரண்டு நிறுத்தங்கள் கடந்தன.

“பதிவு எத்தனை மணிக்கு?” என்று மூத்தவர் வினவினார்.

“சனிக்கிழமை பத்துக்கு. ஏன்?”

“என்ர மிருதங்கத்தில வேற ஆரும் கைவைக்கேலாது. நானே வந்து வாசிக்கிறன்.”