தண்ணீர் வராத நிலையத்துக்கு எதற்குப் பொன்னாடை?

அவைக்குத் தலைமை தாங்கி, மடியில் பொன்னாடையோடு காத்திருக்கும் கிறிகோரி அண்ணை அவர்களே! பங்குத் தந்தை அவர்களே! சிஞ்ஞோராமாரின், இந்த இத்தாலிய எசமானியம்மாமாரின், வீடுகளைக் கூட்டித் துடைத்த களைப்போடு வந்து, கதிரையில்லாமல் நின்றே கேட்கும் தாய்மாரே! பெரியோரே! பிரேசிலிலிருந்து வந்து இம்மேடையில் வீற்றிருக்கும் மாநில ஆளுநர், வைத்தியர் ஓத்தாவியோ அவர்களே! வணக்கம்.

வரவேற்புரைக்குத்தான் அழைத்தார்கள். வைத்தியக் கருவிகள் பொருத்தும் தொழில்நுட்பவியலாளன் நான். இவருடைய மாநிலத்தில் வேலை செய்தவனாம், அதனால் வாழ்த்த வேண்டுமாம். வேலை செய்ததால்தான் வாழ்த்த வாய் வரவில்லை!

யார் இவர்? இந்தப் பலேர்மோ துறைமுகத்தில் கப்பலேறிய ஏழையின் பேரன். ஆற்றங்கரை ஊர்களுக்குப் படகில் மருந்து சுமந்த இளம் வைத்தியர். வெறுங்கட்டடத்துக்கு நாடா வெட்ட வந்த அமைச்சரைப் பார்த்து, "கட்டில் எங்கை? மருந்து எங்கை?" என்று கேட்டவர். அந்தக் கேள்விதான் இவரை நகரத் தலைவராக்கியது. அந்தக் கேள்விதான் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அந்தக் கேள்விதான் மக்கள் வாக்கால் மாநிலத்தையே ஆளும் நாற்காலியில் அமர்த்தியது!

அமர்ந்தவர் என்ன செய்தார்? அதே ஆற்றங்கரையில் சிறுநீரக நோயாளருக்கு இரத்தம் சுத்திகரிக்கும் டயலிசிஸ் நிலையம் கட்டினார். இயந்திரங்களைப் பொருத்தியவன் நான். தூய்மையாக்கிய தண்ணீர் இல்லையென்றால் அது இயந்திரமல்ல, அலுமாரி! தண்ணீரைச் சுத்திகரிக்கும் தொகுதி வந்துசேரவில்லை என்றேன். இவர் சொன்னார்: "இப்ப விளக்கு எரிஞ்சாப் போதும். தண்ணி தேர்தலுக்குப் பிறகு வரும்."

விளக்கு எரிந்தது. கமராக்கள் மின்னின. வெள்ளை அங்கியோடு வந்தார், வெள்ளந்தி மக்கள் வாக்களித்தார்கள், மறுபடியும் வென்றார். தண்ணீர் வந்ததா? தெரியாமல் செய்தாரா? வைத்தியர் ஐயா, வைத்தியர்! தெரிந்தே செய்தார்!

அனிற்றா அக்கா, ஆளுநருக்குச் சொல்லும் இத்தாலிய மொழிபெயர்ப்பை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? "எப்பிடியடா இதை அவரிட்டைச் சொல்லுறது?" என்கிறீர்களா? அப்பிடியே சொல்லுங்கோ அக்கா. பாட்டனின் இத்தாலியமொழி அவருக்கு நன்றாகவே விளங்கும்.

பின்வரிசையில் றமேஸ் அண்ணை கோபிக்கிறார்: "விருந்தாளியோடை இப்பிடிக் கதைக்கலாமோ தம்பி?" இங்கே கபோ சந்தையில், பழுதோ என்று செவுளைத் தூக்கிப் பாராமல் மீன் வாங்குவீர்களா அண்ணை? "சீ, வாங்கமாட்டன்!" என்கிறீர்கள். பதவியோடு வருகிறவருக்கு மட்டும் பாராமலே பொன்னாடை போர்த்துகிறோமே, அது என்ன பழக்கம்?

அந்த ஆற்றங்கரை ஊரில் ஜுரேமா என்றொரு தாய், பள்ளிக்கூடத்தில் சமைப்பவர், சிறுநீரக நோயாளி. நிலையத்துக்கு எதிரே அவர் வீடு. ஆனாலும் படகேறி அயல்நகரம் போய்த்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நேற்றுத் தொலைபேசியில் கேட்டார்: "ஆறு வத்துது. படகு நிண்டா நான் என்ன செய்ய?"

ஆளுநரே! அந்தச் சுத்திகரிப்புத் தொகுதி உங்கள் தலைநகரக் களஞ்சியத்தில்தான் கிடக்கிறது. ஏன் அனுப்பவில்லை? அனுப்பினால், அன்று நீங்கள் திறந்தது பொய் என்று நாடறியும்! உங்கள் பொய் வெளுக்காதிருக்க ஒரு தாய் சாகவேண்டுமா? உங்கள் பெயர் கெடாதிருக்க ஓர் ஊர் கெடவேண்டுமா? அதை அனுப்ப ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். இஞ்சையிருந்தே எடுக்கலாம்!

தலைவர் கைகாட்டுகிறார், நேரமாம். சரி. முகம் சுளித்தாலும் எழுந்து போகாதிருந்த உங்களுக்கெல்லாம் நன்றி, வணக்கம். ஒலிவாங்கியை ஆளுநரிடமே கொடுக்கிறேன். தாய்மாரே, எப்போது அனுப்புவேன் என்று அவர் வாய்திறந்து சொல்லும்வரை ஒருவரும் கைதட்டவேண்டாம்.